இரண்டாம் வேலை

1917ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் ஆறு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்றாட வேலைகளையே சிகிச்சையாக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்கிற துறை ஓர் அமைப்பாக எழுந்து நின்றது அங்கேதான். ஒரு மருத்துவத் துறை பிறந்த அந்தக் கூட்டத்தில் டாக்டர் என்று இருந்தவர் ஒரே ஒருவர், மனநல மருத்துவரான வில்லியம் ரஷ் டன்டன். மற்றவர்களில் இருவர் கட்டடக் கலைஞர்கள், ஒருவர் சமூகப் பணியாளர், ஒருவர் கைவினை ஆசிரியை, ஒருவர் செயலாளர் வேலை பார்த்த பெண்.

வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர்களில் ஒருவர். காசநோய் அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. பிறகு பனிக்கடியால் காலில் அறுவை, அதன் பிறகு உடம்பின் இடப்பக்கம் இயங்காமல் போனது. நோய்விடுதியில் கிடந்தவர் அங்கிருந்து வெளியே வந்து, பக்கத்திலேயே ஒரு வீட்டை வாங்கி, செயல்படாத கையையும் சேர்த்துக்கொண்டு மரவேலையும் தோட்டவேலையும் செய்தார். வீடும் சீரானது, அவரும் ஓரளவு சீரானார். 1914இல் அதற்கு ‘ஆறுதல் இல்லம்’ என்று பெயர் வைத்தார். தான் தேறிய வழியைப் பிறருக்கும் தொழிலாகக் கற்றுத்தரலாம் என்று தோன்றியதுதான் அவருக்குக் கிடைத்த அழைப்பு. மருத்துவம் படித்திருந்தால் ஒருவேளை தோன்றியிருக்காது.

இந்தியாவுக்கு இந்தத் துறையைக் கொண்டுவந்தவரும் வேறு வேலையிலிருந்து வந்தவர்தான். எலிசபெத் லண்டி, அமெரிக்காவில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். விஷ்ணு நிம்ப்கரை மணந்து 1930இல் இந்தியா வந்து கமலா நிம்ப்கர் ஆனார். பம்பாயில் ஆசிரியையாக இருந்தவர், நாற்பதுகளில் ஃபிலடெல்ஃபியா சென்று, நடுவயதில் மீண்டும் மாணவியாகி ஆக்குபேஷனல் தெரபி படித்தார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் பள்ளி. 1952இல் இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

வேலை மாறியவர்களால் உண்டான இந்தத் துறைக்குள், இன்று நம் நாட்டில் வேலை மாறி நுழைவது எளிதல்ல. இதற்கான இளநிலைப் படிப்பான பி.ஓ.டி.யில் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேறு பட்டம் பெற்றவர்கள் முதுகலை வழியாக உள்ளே வரலாம். இங்கே முப்பத்தைந்து வயதில் ஒரு வங்கி எழுத்தருக்கு அப்படியோர் அழைப்பு கேட்டால், அவர் முதலில் பதினேழு வயதுக்குத் திரும்பிப்போய்ப் பாடப்பிரிவை மாற்றிவிட்டு வர வேண்டும். உடற்கூறு தெரியாதவர் நோயாளியைத் தொடக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் பார்ட்டனையும் கமலாவையும் இந்த நியாயத்தின் முன் நிறுத்திப் பார்த்தால், இருவரும் விண்ணப்பப் படிவத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

கோவிந்தாபுரத்தில் நின்று இதை யோசிப்பது வேறுமாதிரி இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் இது. அரசின் மொழி மலையாளம், வீட்டின் மொழி தமிழ். முதலமடையின் மாந்தோப்புகள் இங்கிருந்தே விரிகின்றன. நாட்டின் மற்ற இடங்களில் மாமரம் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே இங்கே காய் முற்றி, டெல்லிக்கும் மும்பைக்கும் லாரி ஏறிவிடும். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், காய் பறிக்க, மருந்தடிக்க, தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்க, செங்கல் சுமக்க, திருப்பூருக்குப் போய் பனியன் மடிக்க. பத்து வருடத்தில் ஐந்து வேலை மாறிய கூலிக்காரர் இந்த ஊரில் ஏராளம். அதை யாரும் வாழ்க்கைத் தொழிலை மாற்றிக்கொண்டது என்று சொல்வதில்லை. அந்தச் சொற்கள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. கூலிக்கு அவை பொருந்துவதில்லை.

இப்படி ஒரு வீட்டில் இருபது வயதுப் பையனுக்கு மனச்சிதைவு வந்ததாக வைத்துக்கொள்வோம். காதில் கேட்கும் குரல்களுக்கு மாத்திரை உண்டு. பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. குரல் அடங்கிய பிறகு வருவதுதான் வீட்டாருக்குப் புரியாத கட்டம். எழுந்திருக்க மனம் வராது, குளிக்கத் தோன்றாது, யாரோடும் பேசப் பிடிக்காது. நோயின் இந்தப் பகுதியை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை. “மாத்தரையுந் திங்கறான், சோறுந் திங்கறான், வேலைக்குப் போறதுக்கு மட்டும் நோவு” என்று வீட்டில் பேச்சு கிளம்பும். உழைத்தே தீர வேண்டிய வீட்டில் சோம்பேறி என்ற பெயர் பைத்தியம் என்ற பெயரைவிடக் கேவலம்.

ஆக்குபேஷனல் தெரபியின் வேலை தொடங்குவது இங்கேதான். எலினார் கிளார்க் ஸ்லேகிள், அந்த ஆறு பேரில் இருந்த சமூகப் பணியாளர், நெடுங்கால நோயாளிகளுக்குப் பழக்கப் பயிற்சி என்று ஒன்றை வகுத்தார். நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எழுவது, பல் துலக்குவது, தலை வாருவது, சாப்பிடுவது, கொஞ்சம் வேலை, கொஞ்சம் விளையாட்டு, ஓய்வு, தூக்கம் என்று குலைந்துபோன ஒழுங்கைத் திரும்பக் கட்டுவது. பார்க்க மிகச் சாதாரணம். எதற்குப் படிப்பு என்றுகூடத் தோன்றும்.

மாங்காயைப் பெட்டியில் அடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் அதை இழை இழையாகப் பிரிப்பார். நெடுநேரம் நிற்க வேண்டும். பருமனும் பழுதும் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு காய்க்கும் ஒரு முடிவு. காம்புப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், அந்தக் கவனம் வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேப்பர் கேட்டு வாங்க வேண்டும். லாரி வந்துவிட்டால் மேஸ்திரி போடும் சத்தத்தைத் தாங்க வேண்டும். நம் பையனுக்குத் தரம் பிரிப்பது முடியலாம், சத்தம் முடியாமல் போகலாம். அல்லது எல்லாம் முடிந்தும், காலையில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே முடியாமல் போகலாம். எங்கே அறுகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் மட்டும் கை கொடுப்பது தெரபி: முதலில் அரைமணி நேரம், கூட்டத்தின் ஓரத்தில், தெரிந்த ஒருவர் பக்கத்தில். மேஸ்திரியும் இதே வேலையைப் பிரித்துப் பார்க்கிறவர்தான். அவருக்கு அது பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்று பிரியும்.

அந்த வேறுபாட்டை மருத்துவமே பலமுறை மறந்திருக்கிறது. பழைய மனநோய் விடுதிகளில் நோயாளிகள் வயலிலும் சமையற்கட்டிலும் சலவைக்கூடத்திலும் கூலியில்லாமல் உழைத்தார்கள். அதற்குச் சிகிச்சை என்று பெயர் இருந்தது. 1973இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் அவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தீர்ப்பளித்தது. பல மருத்துவமனைகள் உடனே நீதியை ஏற்றுக்கொண்டன: கூலி தருவதற்குப் பதிலாக வேலையை நிறுத்திவிட்டன. நோயாளிகளுக்கு உரிமை கிடைத்தது, பகலில் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது.

நமது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நிலையங்களில் கட்டாய வேலை கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம். மாநில ஆணையங்கள் பதிவு செய்யவேண்டிய மனநலப் பணியாளர்களின் பெயர் வரிசையும் அதில் இருக்கிறது: மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர். வேலையைப் பற்றி அவ்வளவு யோசித்த சட்டத்துக்கு, வேலையை மருந்தாகக் கொடுக்கிறவரின் பெயர் அந்த வரிசையில் நினைவுக்கு வரவில்லை. 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கு வந்த இன்னொரு சட்டம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைச் சேர்த்துக்கொண்டது.

அதே 2017இல்தான் கோவிந்தாபுரமும் செய்தியில் வந்தது. இங்கே அம்பேத்கர் காலனியில் வாழும் அருந்ததியர் குடும்பங்கள், டீக்கடையில் தங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதாகப் புகார் சொன்னார்கள். காலனிக்கு வரும் தெரபிஸ்ட் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடைக்குப் போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வருவது பாடப்புத்தகத்தில் எளிய சமூகப் பயிற்சி. எந்த டம்ளரில் என்பது அதில் இருக்காது.

இந்தத் துறையின் முதல் கேள்வி, உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்பது. அம்மாவிடமோ மேஸ்திரியிடமோ கேட்காமல் நோயாளியிடமே கேட்கச் சொல்கிறார்கள். பாதி வாழ்க்கையில் வேலையை விட்டுவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர், அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே ஒருமுறை கேட்டுக்கொண்டவர். கேட்பதற்கு அவரிடம் சேமிப்போ, படிப்போ, சம்பாதிக்கும் துணையோ இருந்திருக்கும். காலனிப் பையனிடம், அவன் அப்பாவிடம், தாத்தாவிடம் அதை யாரும் கேட்டதில்லை. நோய் வந்ததால்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவனிடம் அது கேட்கப்படுகிறது. கேட்பவர் மலையாளத்தில் கேட்டால் அதுவும் பாதிதான் போய்ச் சேரும். பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம். ‘டெம்போ ஓட்டணும்’ என்று வரலாம், ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றும் வரலாம். இரண்டையும் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி வர ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று யோசித்தால், பெரும்பாலும் அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு அக்கா இருப்பாள் என்று தோன்றுகிறது. தம்பி எந்தச் சத்தத்துக்கு மிரளுவான், எந்த நேரத்தில் கூப்பிட்டால் எழுவான் என்று தெரிந்தவள். மாங்காய் அடுக்கவும் தெரியும், இரண்டு மொழியும் வரும். முப்பது வயதில் தோப்பு வேலையை விட்டு இதைப் படிக்கலாமா என்று அவள் ஒருநாள் விசாரித்தால், கல்லூரி அலுவலகத்தில் முதலில் ப்ளஸ் டூ சான்றிதழைக் கேட்பார்கள். அதில் காமர்ஸ் என்று இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.