அந்தரங்கமும் பாதையும்

ஒருவரது அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு அவருக்கு மட்டும் உரியதா? 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்ததைத் தொடர்ந்து சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, பலர் மாற்றுவழிகளை நாடினர். அத்தகைய வழிகளுள் ஒன்றான டோர் வலையமைப்பு, செய்தியை மூன்று இடைநிலைக் கணினிகளினூடாகச் செலுத்துகின்றது. முதலாவது கணினி அனுப்புநரை அறியும்; சேருமிடத்தை அறியாது. இறுதிக் கணினி சேருமிடத்தை அறியும், அனுப்புநரை அறியாது.

எனினும், அக்கணினிகளை இணைக்கும் பாதைகளைத் தீர்மானிப்பவை இணைய நிறுவனங்களே. வெள்ளவத்தையில் வாழும் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இயங்கும் தளமொன்றை டோர் மூலம் நாடுகிறார் எனக் கொள்ளலாம். செய்தி ஐரோப்பாவைச் சுற்றி வரினும், அது புறப்படுவதும் வந்து சேர்வதும் ஒரே நிறுவனத்தின் வலையமைப்பினூடாக நிகழக்கூடும். அந்நிறுவனம் செய்தியை வாசிக்க வேண்டியதில்லை. இரு முனைகளிலும் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டாலே ஆளை இனங்காணலாம். பாதைகள் மாறுந்தோறும் இவ்வாபத்துப் பெருகுவதை 2015 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

குண்டு வைத்தவனும் இவ்வழியில் மறையலாமே என்ற வினா எழுவது இயல்பு. சந்தேகத்துக்குரிய ஒருவனைச் சட்டத்தின்படி தேடுவது நீதி. அவன்பொருட்டு ஊரார் அனைவரையும் கண்காணிப்பது நீதியன்று. ஆகவே, காணக்கூடிய நிலையிலிருந்தும் காணாதிருத்தல் பாதையை ஆள்வோரின் கடமையாகின்றது. அக்கடமை தவறின், பயன்படுத்துவோர் எத்துணை விழிப்புடனிருப்பினும் அவர்தம் அந்தரங்கம் நிலைக்காது.