ஈக்குச் சாதி தெரியுமா?

மணல் ஈ பரப்பும் கருங்காய்ச்சலைப் பற்றி வகுப்பில் கூறிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "கடிக்கிற ஈக்குச் சாதி தெரியுமா, ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. "தெரியாது தம்பி, அதற்குத் தெரிந்ததெல்லாம் குருதி ஒன்றுதான்" என்றோம். கைதட்டினார்கள். நல்ல விடை கூறிவிட்ட மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். அன்றிரவே அம்மகிழ்ச்சி கலைந்தது. நாம் கூறியது பாதி விடை.

மணல் ஈ கொசுவில் மூன்றிலொரு பங்கே இருக்கும். ரீங்காரமில்லை, உயரப் பறக்கும் வலிமையுமில்லை, தத்தித் தத்திச் செல்லும். அது முட்டையிடுவது தேங்கிய நீரில் அன்று. சாணமும் சருகும் மக்கிய ஈரமண்ணில். பகலெல்லாம் மண்சுவரின் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டிலின் இருளிலும் பதுங்கிக் கிடக்கும். இரவானால் தரையில் துயில்வோரை நாடும். அது கடிக்கையில் உடலில் புகும் ஒட்டுண்ணி மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடியேறுகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், வயிறு பானையாகும், உடல் துரும்பாகும். மருந்து கிட்டாவிடில் பெரும்பாலும் சாவுதான்.

ஈக்குச் சாதி தெரியாது; மெய். சுவருக்குத் தெரியுமே! மாடியில், காற்றோட்டத்தில், கட்டிலில் உறங்குபவரை விட்டுவிட்டு, வெடித்த சுவரோரம் மாட்டோடு மாடாய்ப் படுத்திருப்பவரை அது தேடி வருவானேன்? பீகாரில் இந்நோயால் மிகுதியும் வாடியவருள் முசகர் எனும் ஒடுக்கப்பட்ட மக்கள் உண்டு. நிலமற்றவர், ஊருக்கு ஒதுக்குப்புறத்தே வாழ விடப்பட்டவர். அவர்களை அங்கே ஒதுக்கி வைத்தது ஈ அன்று.

ஊழ்வினை என்பார் உளர். எங்கள் சோளிங்கரிலே, பேய் பிடித்தவர், பித்துப் பிடித்தவர் என்று உற்றார் கூறுவோரை அழைத்து வந்து, குளத்தில் மூழ்கச் செய்து, ஒரு மண்டலம் தங்க வைக்கும் வழக்கம் உண்டு. மலையேறப் படிகள் ஆயிரத்துக்கு மேல். 2024-ல் ரோப் காரும் வந்துவிட்டது. விஞ்ஞானத்தின் தோளேறி மூடநம்பிக்கை மேலே போகிறது! எள்ளி நகையாடுவது நமக்கு எளிது. அறிவு வந்தால் விதி ஓடும் என்று மேடைதோறும் முழங்குவதும் எளிது. கருங்காய்ச்சல் நம்மை மடக்கும் இடமும் அதுவே.

அறிவு வரவில்லையா? நம் சென்னைக்கே வந்தது. 1903-ல் சென்னைப் பொது மருத்துவமனையில், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் சார்லஸ் டோனவன் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். டம்டம் பாசறையில் நோயுற்று மாண்ட சிப்பாய் ஒருவனின் மண்ணீரலில் தாம் கண்டதை லீஷ்மன் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இருவர் பெயரையும் இணைத்து ரொனால்டு ராஸ் 'லீஷ்மேனியா டோனவானி' என்றார். 1920-களில் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, யூரியா ஸ்டிபமைன் எனும் மருந்தைத் தந்தார். ஈ கடித்தே நோய் தொற்றுகிறதென்பதை 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் மெய்ப்பித்தனர். கிருமி தெரிந்தது, மருந்து தெரிந்தது, ஈயும் தெரிந்தது. ஆயினும் மண்குடிசை அப்படியே இருந்தது.

பிறகு நடந்ததுதான் நம்மை உறங்கவிடாதது. 1953-ல் மலேரியாவை ஒடுக்கத் தேசியத் திட்டம் தொடங்கிற்று. வீடு வீடாய்ச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தனர். கொசுவுக்கு வைத்த குறியில் மணல் ஈயும் மாண்டது. கருங்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மகிழத்தக்க செய்திதான். ஆனால், யாரை எண்ணிச் செய்த நன்மை அது? மலேரியா தணிந்தது, அறுபதுகளில் தெளிப்பு கைவிடப்பட்டது, எழுபதுகளில் கருங்காய்ச்சல் திரும்பிற்று. 1977-ல் வட பீகாரில் பல்லாயிரவர் நோயுற்றனர். தற்செயலாய்க் காக்கப்பட்டவர்கள் தற்செயலாகவே கைவிடப்பட்டனர்.

விருந்து வீட்டில் மீந்ததை வாசலில் நிற்பவனுக்கு இடுகிறார்கள். அன்றைய பசி தீருகிறது. மறுநாள் விருந்து இல்லை, அவன் பட்டினி. யாரைக் கேட்பான்? அவனை யார் அழைத்தார்கள்?

"பயன் விளைந்ததே, எண்ணத்தை ஏன் ஆராய வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பிழைத்தவனுக்கு, தெளித்தவர் எதை எண்ணித் தெளித்தார் என்ற கவலை இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால், எண்ணத்தில் இடம்பெறாதவன் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. தெளிப்பை நிறுத்தும் நாளில், "இன்னும் ஒருவன் இருக்கிறானே" என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார். அவனுக்கு வேண்டியது இரக்கம்கூட அன்று. பேரேட்டில் ஒரு வரி.

இன்று அந்த வரி கிடைத்திருக்கிறது என்பதை மறைக்கமாட்டோம். ஒரே நாளில், ஒரே முறை நரம்பில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. ஒழிப்புக்குக் குறித்த ஆண்டு 2010, 2015, 2017, 2020 என்று தள்ளித் தள்ளிப் போய், 2023-ல் எல்லா வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டதாக அரசின் கணக்கு கூறுகிறது. அவ்வளவுக்குக் கீழே வந்தால், அது பொதுநலச் சிக்கல் அன்றாம். மிஞ்சிய அந்த ஒருவன் எந்தப் பொதுவிலே சேர்ந்தவன்?

காய்ச்சல் தீர்ந்தவர் சிலருக்கு, ஓரிரு ஆண்டு கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. வலியில்லை, வேலைக்குத் தடையில்லை, எனவே மருத்துவரிடம் போவதில்லை. அத்திட்டில் ஒட்டுண்ணி உயிரோடிருக்கிறது. ஈ கடித்தால் அடுத்தவருக்குப் போகும். பார்ப்பவரோ தொழுநோய் என்று ஒதுங்குவர். கரிகிரி மருத்துவமனையை அருகில் வைத்திருக்கும் நம் பகுதிக்கு, ஒரு வெள்ளைத் திட்டு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, நம் விடையைத் திருத்திக் கூறினோம். கேட்டுக்கொண்டிருந்தவன், "எங்கள் வீட்டுச் சுவரும் வெடித்துத்தான் இருக்கிறது, ஐயா" என்றான். இந்நோய் இப்பக்கத்தில் இல்லை என்று தேற்றினோம். உண்மையைத்தான் கூறினோம், ஆயினும் அவன் முகத்தைப் பார்த்துக் கூற இயலவில்லை.