ஒலித்தது உதடு, உணர்ந்ததா உள்ளம்?

கணீரென்று படித்தான் சிறுவன். தங்குதடை இல்லை, உச்சரிப்பிலே பிழை இல்லை. "உராய்வினால் வெப்பம் உண்டாகிறது" என்று முடித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றான். "தம்பி, உராய்வு என்றால் என்ன?" என்று கேட்டோம். விழித்தான். வகுப்பே விழித்தது!

அச்சங்குளம் வட்டாரத்துப் பிள்ளைகள் அவர்கள். தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் கரிசல் பூமி அது. உராய்வுக்கு அஞ்சி அஞ்சிப் பிழைப்போரின் மக்களுக்கு, அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை. குற்றம் பிள்ளையுடையதா? அல்ல! ஏட்டை ஒருபுறமும் வீட்டை மறுபுறமும் நிறுத்தி, இடையே சுவரெழுப்பிய நம்முடையது.

தீக்குச்சி ஒன்றை உரசிக் காட்டினோம். சிறுமி ஒருத்தி எழுந்தாள்: "அதனாலேதான் மருந்து அறையிலே இரும்பு ஆகாதுன்னு அம்மா சொல்றாங்களா, சார்?"

அந்தக் கேள்விதான் கல்வி! அதுவரை நடந்தது வெறும் ஓசை.

2021 பிப்ரவரி 12 அன்று, அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் இருபது உயிர்கள் கருகின. படிப்பறிவின்மையால் மாண்டனர் என்று எவரேனும் கூறினால், அது வெந்த புண்ணிலே வேல் பாய்ச்சும் கொடுமை. விதியைக் காப்பது உரிமம் பெற்றவர் கடமை. கண்காணிப்பது அதிகாரிகள் கடமை. அந்தப் பொறுப்பைப் பாடநூலின் தலையிலே கட்ட நாம் ஒருப்படோம். ஆயினும், விதியின் பொருளுணர்ந்தவனுக்கு "ஏன் மீறுகிறீர்?" என்று கேட்க வழி பிறக்கிறது. ஒருவன் கேட்டால் விரட்டலாம். பசி அவன் வாயைக் கட்டலாம். ஊரே உணர்ந்து கேட்டால்?

"மனப்பாடம் வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும். குதிரிலே நெல் சேர்ப்பது தவறல்ல. குத்திச் சோறாக்காமல், குதிரைக் காட்டிப் பசியாறச் சொல்வதே தவறு. "பாடத்தை முடிக்க நேரமேது?" என்பர் வேறு சிலர். முடித்தவர் யார்? நாம் முடித்துவிட்டோம், பிள்ளை தொடங்கவேயில்லை!

விருதுநகர் ஈன்ற காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காலத்திலே, மதிய உணவளித்து ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தார். 2022இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்கும் திறனைக் குறிக்கோளாக வைத்தது. குறிக்கோளை அரசு வகுக்கலாம். கரும்பலகையின் முன்னே நிற்பவர் நாம்தாமே!

ஆகவே, ஒரு பத்தி படித்ததும் நூலை மூடச் சொல்வோம். படித்ததைத் தன் சொல்லிலே கூறச் செய்வோம். தன் வீட்டிலே, தெருவிலே அதைக் கண்டதுண்டா என்று வினவுவோம். பிறகு, அவனையே கேள்வி கேட்க விடுவோம். நமக்கு விடை தெரியாத கேள்வி வரலாம். வரட்டும்! விடை தேடி அவனோடு நாமும் நடப்போம். ஆசிரியருக்கு அது இழுக்கல்ல. பொருளறியாத பிள்ளையைத் தேறியவன் என்று அனுப்பிவைப்பதே இழுக்கு.