கருவி யாருடையது?

உழைப்பின் நீதியைப் பற்றிப் பேசும்போது கூலி எவ்வளவு என்று கேட்கிறோம்; வேலை நேரம் எவ்வளவு என்றும் கேட்கிறோம். உழைப்பவனின் கையிலுள்ள கருவி யாருடையது, அதன் தேய்மானத்தைச் சுமப்பவர் யார் என்று கேட்பவர் சிலரே. ஆனால் கூலி நியாயமானதா என்பது பல வேளைகளில் இக்கேள்வியைச் சார்ந்தே அமைகிறது.

ஆவடியை அடுத்து, வான்படை நிலையத்தை ஒட்டி அமைந்த முத்தாபுதுப்பேட்டையும் அதன் சுற்றுப்புறமும் இதனைச் சிந்திப்பதற்கு ஏற்ற இடங்கள். 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் ஆவடியில் உள்ளன. அவற்றுள் பணிக்குச் செல்பவர் தம் உணவுப் பாத்திரத்தைத் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. கடைசல் இயந்திரமும் தையல் இயந்திரமும் ஆலைக்குரியவை. ஊசி முறிந்தால் ஆலையே மாற்று ஊசி தரும்.

ஆலைச் சுவருக்கு வெளியே நிலைமை வேறு. தமிழகத்தின் அரசுப் பள்ளி மாணவர்க்குரிய விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கின்றனர். அவர்களுள் பலர் தம் இல்லத்தில், தம் சொந்த இயந்திரத்தில் தைப்பவர்கள். எண்ணெயும் பழுதுச் செலவும் மின்கட்டணமும் அவர்களுடையவை. படைவீரனின் சீருடையும் பள்ளிச் சிறுவனின் சீருடையும் ஒரே வகை உழைப்பில் பிறந்தவைதாம். ஆயினும் முன்னதில் இயந்திரத்தின் தேய்மானத்தை ஆலை ஏற்கிறது. பின்னதில் தைத்தவளே ஏற்கிறாள். இருவர்க்கும் கூலி ஒன்றேயாயினும், இவள் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது குறைவாகத்தான் இருக்கும்.

இந்நுட்பத்தை நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், முதலாளி அளிக்கும் சில சேவைகளுக்காகக் கூலியில் பிடித்தம் செய்ய இடமளித்தது. ஆனால் வேலைக்குத் தேவையான கருவிகளையும் மூலப்பொருள்களையும் வழங்குவது சேவையாகாது என்று அதே இடத்தில் விளக்கமும் தந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, சட்டப்படி தரவேண்டிய சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் எதுவும் பெறலாகாது என்று 114-ஆம் பிரிவில் விதித்தது. வேலைக்கான கருவியைத் தருவது முதலாளி காட்டும் சலுகையன்று என்பதே இவற்றின் உட்கருத்து.

விவிலியமும் கருவியின் அருமையை அறியும். மாவரைக்கும் திரிகைக் கல்லைக் கடனுக்கு அடகாக வாங்கலாகாது என்று இணைச் சட்டம் (24:6) தடுக்கிறது; அதை வாங்குவது ஒருவனின் உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அது கூறும் காரணம். சாமுவேல் முதல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேல் நாடெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை. கலப்பைக் கொழுவைத் தீட்டவும் அம்மக்கள் பெலிஸ்தியரிடம் சென்று விலை கொடுக்க வேண்டியிருந்தது. கருவி யார் வசமோ, உழைப்பவனும் அவர் வசமாகிறான்.

அப்படியாயின் சொந்தக் கருவி வைத்திருப்பது தீதா? இல்லை. கொத்தனார் தம் கரண்டியோடும் இரசமட்டத்தோடும் வருகிறார். தச்சர் தம் உளியையும் இழைப்புளியையும் பிறர் தொட விடுவதில்லை. அவர் கைக்குப் பழகிய பிடி அது. ஆனால் அவர்கள் தம் கூலியைத் தாமே சொல்கின்றனர். பிடிக்காத வேலையை மறுத்து, கருவிப் பையோடு அடுத்த வீட்டுக்குப் போகவும் அவர்களால் முடியும். அவர்கள் சொல்லும் கூலிக்குள் உளியின் தேய்மானமும் அடங்கியிருக்கிறது.

வீடுதோறும் உணவு கொண்டுசேர்க்கும் இளைஞனின் நிலை அதுவன்று. இரு சக்கர வண்டி அவனுடையது; கைப்பேசியும் எரிபொருளும் அவனுடையவை; வண்டிக்கடனின் தவணையும் அவனுடையதே. கூலியை மட்டும் வேறொருவர் குறிக்கிறார். தமிழக அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இத்தகைய தொழிலாளர் 2,000 பேருக்கு மின்சார இரு சக்கர வண்டி வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. நல்ல உதவிதான். ஆயினும் அவ்வண்டியால் பெரும்பயன் அடையும் நிறுவனம் இக்கணக்கில் எங்கே நிற்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே, கருவியை விலைகொடுத்து வாங்கியவர் யார் என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. கூலியைச் சொல்லும் உரிமை உழைப்பவனுக்கு இருக்குமானால் சொந்தக் கருவி அவனுக்கு விடுதலை. அவ்வுரிமை இல்லையானால், கருவியைக் கொண்டுவா என்பது கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடு என்பதாகும். உழைப்பின் பயனைப் பெறுபவரே அதன் தேய்மானத்தையும் ஏற்க வேண்டும்.

உயிர்காக்கும் கருவிகளிலோ இவ்வாறு பிரித்துப் பார்க்கவும் இடமில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டுமென 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, போன உயிர் திரும்பவில்லை. ஏழையின் பையில் பணம் இருந்தால்தான் பாதுகாப்பு என்றால், அது பாதுகாப்பே அன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுவனம் தந்த கருவி நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அலுவலக வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றுவதும், ஆலைக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். தேய்மானத்தைப் பிறர் தலையில் சுமத்தும் அதே அநீதிதான் அங்கும் நிகழ்கிறது. சுமத்துபவர் மட்டும் வேறு.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். உற்பத்திச் சாதனங்கள் யாவும் முந்தைய மனிதரின் உழைப்பில் விளைந்தவை என்பது அவர் காட்டிய காரணம். இப்போதனை பெருமுதலாளிகளுக்கு மட்டும் உரியதன்று. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆசிரியர் பலர் தம் கைப்பேசியில், தம் செலவில் பாடம் நடத்தினர். அன்று அது இடர்க்காலத் தொண்டு. இடர் நீங்கிய பின்னும் அதே கைப்பேசியில் அதே செலவில் பள்ளிப் பணி தொடருமானால், அதனைத் தொண்டென்று அழைக்கலாமா? பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் திரு அவையின் மக்களாகிய நாம், பிறரைக் கேட்குமுன் நம்மிடமே இவ்வினாவைக் கேட்டுக்கொள்வது நலம். அடுத்த மாதச் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும்போது, நம் பணியாளர் தம் கையிலிருந்து செலவிடுவது எவ்வளவு என்று அவர்களையே கேட்டு, அதற்கும் ஒரு வரி எழுதுவோம்.