ஒரே சாவி எட்டும் தூரம்

2012 ஆகஸ்டு 3ஆம் நாள், அமெரிக்காவின் ‘வயர்டு’ இதழில் எழுதிவந்த மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளர், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் தம் மின்னஞ்சல், ட்விட்டர் கணக்கு, கைப்பேசி, ஐபேட், மடிக்கணினி ஆகிய அனைத்தையும் பறிகொடுத்தார். அவருடைய கடவுச்சொல்லை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குப் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திக்க முனைவோர் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி இதுதான்.

ஊடுருவியவர்கள் விரும்பியது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயரை. அந்தக் கணக்கு ஜிமெயிலோடு பிணைந்திருக்கும் என்று கருதி, ஜிமெயிலின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ பக்கத்தைத் திறந்தார்கள். மீட்பு முகவரி ஆப்பிள் நிறுவனத்தின் மின்னஞ்சல் என்பது, பாதி மறைத்த நிலையிலும் அங்கே தெரிந்தது. அன்றைய ஆப்பிள் உதவி மையம் தற்காலிகக் கடவுச்சொல் கொடுக்கக் கேட்டவை இரண்டு: வீட்டு முகவரி, கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள். முகவரி அவருடைய இணையதளப் பெயரின் பதிவு விவரத்திலேயே கிடைத்தது. நான்கு இலக்கங்களுக்கு அமேசானை நாடினார்கள். முதல் தொலைபேசி அழைப்பில் அவர் கணக்கில் ஒரு புதிய அட்டை எண்ணைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டாம் அழைப்பில் அந்த எண்ணையே அடையாளச் சான்றாகச் சொல்லித் தங்கள் மின்னஞ்சலைச் சேர்த்தார்கள். உள்ளே போனதும், ஏற்கெனவே இருந்த அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் காத்திருந்தன. அமேசான் மறைக்கத் தேவையில்லை என்று கருதிய இலக்கங்களையே ஆப்பிள் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது. நிகழ்ச்சி வெளியே தெரிந்த பிறகு இரு நிறுவனங்களும் இந்த நடைமுறையை மாற்றிக்கொண்டன.

இதிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றே. ஒரு கணக்கின் உறுதி, கடவுச்சொல்லின் உறுதியோடு நிற்பதில்லை. அந்தக் கணக்கை மீட்டுத் தரும் வழிகளுள் மிக நலிந்தது எதுவோ, அதன் அளவே கணக்கின் உறுதி. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி: இந்தச் சாவி ஒருவர் கைக்குப் போனால், அது வேறு எவையெவற்றை எட்டும்?

கடவுச்சொல்லில் இக்கேள்விக்கு விடை எளிது. ஒரே சொல்லைப் பல இடங்களில் வைத்தவர், அவற்றுள் காவல் குறைந்த தளத்தின் கையில் தம் வங்கியையும் சேர்த்து ஒப்படைத்திருக்கிறார். தளத்துக்கொரு சொல், அது நீளமாக, நினைவில் வைக்கத் தேவையின்றி பாஸ்வேர்டு மேனேஜரில். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தொலைபேசி எண்ணின் நிலை இவ்வளவு எளிதன்று. நம் நாட்டில் வங்கி, மின்னஞ்சல், ஆதார், வாட்ஸ்அப் அனைத்தும் ஓடிபி வழியாக ஒரே எண்ணில் வந்து குவிகின்றன. பயன்பாட்டில் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பது இந்திய நடைமுறை. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர் பழைய சிம்மை மறந்துவிட்டால், அவருடைய ஓடிபி முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேரும். அந்தப் புதியவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் நம் கணக்கின் காவல் அவருடைய நல்லெண்ணத்தை நம்பி நிற்கக்கூடாது. எண்ணைக் கைவிடும் முன் ஒவ்வொரு கணக்கிலும் அதை மாற்றியாக வேண்டும்.

இதனால்தான் குறுஞ்செய்தியைவிட அங்கீகாரச் செயலியை நான் பரிந்துரைக்கிறேன். 30 நொடிக்கொரு முறை மாறும் ஆறிலக்க எண்ணை அது கைப்பேசிக்குள்ளேயே கணக்கிட்டுக் காட்டுகிறது. சிம்மோடு அதற்குத் தொடர்பில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியில் சேமிக்கப்படும் சாவியான பாஸ்கீ அதனினும் மேலானது. அது தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், போலித் தளத்தில் ஏமாந்து கொடுத்துவிட இயலாது. கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. கூகுள் அதற்கென எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்று நுழைவு எண்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மட்டும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அந்தக் கைப்பேசியிலேயே படமெடுத்து வைப்பதில் பயனில்லை.

இனி ஹோனன் உண்மையில் இழந்தது எது என்று பார்ப்போம். அவர் திரும்ப உள்ளே வந்துவிடக் கூடாதென்று, ஊடுருவியவர்கள் தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்க உதவும் வசதியைக் கொண்டே அவருடைய மடிக்கணினியை அழித்தார்கள். அவருடைய குழந்தையின் முதல் ஆண்டுப் படங்கள் அதில்தான் இருந்தன. தனிப் பிரதி இல்லை. தரவு மீட்பு நிறுவனம் ஒன்று பிறகு அவற்றை மீட்டுக் கொடுத்தது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

கைப்பேசிப் படங்கள் கிளவுடில் தாமாக ஏறுவதைக் கண்டு ‘பேக்கப் இருக்கிறது’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். பெரும்பாலும் அது ஒத்திசைவு. கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் சில நாள் தங்கும், பிறகு அதுவும் இல்லை. அதே கடவுச்சொல் இரண்டையும் எட்டுகிறது அல்லவா? கணினியில் எப்போதும் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்கும் அப்படித்தான். பணயத்தொகை கேட்கும் தீநிரல் கணினிக் கோப்புகளைப் பூட்டும்போது அதையும் சேர்த்தே பூட்டும். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதி இங்கேதான் பொருள்படுகிறது. மாதம் ஒருமுறை டிஸ்கைச் செருகிப் பிரதி எடுத்து, கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். இன்னொன்று உடன்பிறந்தார் வீட்டில் இருக்கட்டும்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வழக்கமாக எடுக்கப்படுவதாக நம்பிய பிரதிகள் உருவாகவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை அஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதி ஒன்றுதான் கைகொடுத்தது. உங்கள் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, மூன்றாண்டுக்கு முந்தைய ஒரு படத்தையும் ஓர் ஆவணத்தையும் திறந்து பாருங்கள்.