பாறைமேல் இருந்த தாய்



சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஞாயிறு வாசகங்களில் அது நம் காதில் விழுவதில்லை. சவுல் செய்த கொலைகளுக்குப் பழியாக அவன் வழிவந்த ஏழுபேர் மலைமேல் கொல்லப்பட்டார்கள். இருவர் ரிஸ்பா என்பவளின் பிள்ளைகள். அரசர்களின் கணக்குத் தீர்ந்தது, அவளுடையது தீரவில்லை. பாறைமேல் சாக்குத்துணி விரித்து, அறுவடை தொடங்கிய நாள்முதல் மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் உடல்களை நெருங்காதபடி காத்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதப்படவில்லை. ஆயினும் செய்தி தாவீதுக்கு எட்டிற்று. எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். இதற்கு அரசியல் என்பதைவிட வேறு பெயர் உண்டோ?

ரிஸ்பாவை நாமும் அறிவோம். 2018 முதல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை எக்காலத்தவை என்ற வாதம் ஒருபுறமிருக்கட்டும். காணாமற்போனவர்களின் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆண்டாண்டாய்த் தெருவில் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் தாய்மாரும் மனைவியருமே. மனுக் கொடுக்கும்போது அவர்களை மெச்சுகிறோம். அவர்களில் ஒருத்தி வாக்குக் கேட்டு வந்தால் மட்டும், "பொம்பிளையளுக்கு உந்த வேலை ஏன்?" என்கிறோம்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1989இல் கணவர் யோகேஸ்வரனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த சரோஜினி, 1998 ஜனவரியில் யாழ். மாநகர முதல்வராகத் தெரிவானார். அவ்வாண்டு மே 17ஆம் திகதி தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆசனத்தில் இன்னொரு பெண் அமர 2009 வரை சென்றது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்புப் பேராலயத்திலே யோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டபோது அருகில் நின்ற மனைவியும் காயமுற்றார். 2013இல் வடமாகாண சபைத் தேர்தலுக்கு முன்னாளில் அனந்தி சசிதரனின் வீடு தாக்கப்பட்டது. மறுநாள் 87,000க்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரச துப்பாக்கியும் இயக்கத் துப்பாக்கியும் ஒரே பாடத்தையே கற்பித்தன: பெண்ணே, வீட்டுக்குள் இரு.

துப்பாக்கி ஓய்ந்தும் பாடம் ஓயவில்லை. இந்நாட்டுப் பெண்களுக்கு 1931 முதல் வாக்குரிமை உண்டு. ஆயினும் உள்ளூராட்சி சபைகளில் அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவராகவே இருந்தார்கள். நூற்றுக்கு 25 என்று சட்டம் வந்து, 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் கதவு சற்றே திறந்தது. அந்தச் சட்டம் பாராளுமன்றத்துக்கு இல்லை. 2024இல் வன்னி தெரிவுசெய்த ஆறு பேரில் ஒரு பெண்ணும் இல்லை. சுடுவதற்குப் பதிலாக இப்போது நாக்கு வேலை செய்கிறது. கூட்டத்துக்குப் போய் இருட்டியபின் திரும்பும் விதவையைப் பற்றிச் சந்தியில் பேசப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்பேச்சும் வன்முறைதான், அதற்கு நம் கோயில் முற்றமும் விலக்கல்ல.

உயிர்ப்பு நாளின் விடியலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள். சீடர்கள் அவர்கள் சொன்னதை நம்பவில்லை. அன்று மாலை கதவைப் பூட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

பேசாலையிலோ வங்காலையிலோ அரிப்பிலோ உங்கள் பங்குப் பெண்ணொருத்தி அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்க முன்வரலாம். அவளுக்குப் புகழுரை வேண்டாம். பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ள ஒரு பக்கத்து வீடு வேண்டும். வீடுவீடாய்ச் செல்லும்போது கூட நடக்க நாலு பேர் வேண்டும். சந்தியில் அவள் பெயர் இழுபடும்போது, "நிறுத்தடா" என்று சொல்ல ஓர் ஆண்குரலும் வேண்டும்.