பார்வையாளனின் தாகம்

விளையாட்டரங்கில் அமர்ந்திருப்பவனுக்கு நிழலும் குடிநீரும் உணவும் கிடைக்கின்றனவா என்பது ஓர் அறப் பிரச்சினையாகுமா? கூலியும் குடியிருப்பும் காணியுரிமையும் தீராத வினாக்களாக நிற்கும்போது, பந்தாட்டம் பார்க்கப் போனவனின் தாகத்தைக் குறித்து எழுத வருவது வேலையற்ற வேலை என்றே முற்போக்கு நண்பர் பலர் கருதுவர். அவர்களுடைய கையில் ஆயத்தமாக ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. உணவும் கேளிக்கையும் கிடைத்தால் போதும் என்று உரோம மக்கள் தம் அரசியல் உரிமையைக் கைவிட்டுவிட்டதாகக் கவிஞன் ஜுவெனல் ஏசினானே, அதுதான். விளையாட்டு என்பது ஆளும் வர்க்கம் ஊட்டும் மயக்க மருந்து. அந்த மயக்கத்துக்கு மெத்தை வேறு கேட்பதா என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஜுவெனலின் ஏச்சு யாரை நோக்கி எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மக்களை மயக்கியவர்களைவிட, மயங்கிய மக்களையே அது கூடுதலாக இகழ்கிறது. மேலிருந்து கீழ் நோக்கிய பார்வை அது. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தில் வெயில் மறைக்கப் பெரும் பாய்த்துணிகளை இழுத்துக் கட்டினார்கள். அந்த வேலைக்குக் கடற்படை மாலுமிகளையே அமர்த்தியிருந்தார்கள். நுழைவு இலவசம். ஆனால் முன்வரிசைப் பளிங்கு இருக்கைகள் செனட்டர்களுக்கு; உச்சியில் இருந்த மரப்பலகைகள் ஏழைகளுக்கும் பெண்களுக்கும். வசதி என்பது அன்றும் சமுதாயத்தின் படிக்கட்டை அப்படியே கல்லில் வரைந்து காட்டியது.

மயக்க மருந்துக் கொள்கையை நம் நாட்டு வரலாறே அண்மையில் சோதித்துப் பார்த்துவிட்டது. 2022இன் நடுப்பகுதியை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம். அந்நேரத்தில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி இலங்கைக்கு வந்து ஆடியது. ஜூன் 24ஆம் திகதி கொழும்பு பிரேமதாச அரங்கில் நடந்த ஐந்தாவது ஒருநாள் போட்டிக்கு நம் மக்கள் எதிரணியின் மஞ்சள் நிற உடையணிந்து சென்றார்கள். இத்தகைய வேளையிலும் வந்ததற்கு நன்றி என்று பதாகை பிடித்தார்கள். பட்டினியிலும் கூத்துப் பார்க்கும் கூட்டம் என்று அன்று எவரேனும் எள்ளியிருக்கலாம். பதினைந்தே நாட்கள் கழிந்தன. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அதே நாளில் காலியில் டெஸ்ட் போட்டி நடந்துகொண்டிருந்தது. மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் கோட்டை மதிலின் மேல் ஆர்ப்பாட்டக்காரர்கள் நிறைந்து நின்றார்கள். ஆட்டம் பார்த்தவனும் ஆட்சியை எதிர்த்தவனும் இரு வேறு மனிதர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. (அத்தொடரில் கிடைத்த பரிசுப் பணத்தை ஆஸ்திரேலிய வீரர்கள் இலங்கைக் குழந்தைகளுக்காக யுனிசெப் நிறுவனத்திடம் கொடுத்ததையும் இங்கே குறித்துவிடுவது நியாயம்.)

ஆகவே, பார்க்கப் போவது பாவமன்று என்று கொள்வோம். அடுத்த வினா, போனவனுக்கு என்ன உரியது என்பது.

இன்றைய பேரரங்குகளின் வாயிலில் நடப்பதைப் பாருங்கள். கையில் உள்ள தண்ணீர்ப் போத்தலைக் காவலர் வாங்கிக் கூடையில் எறிகிறார். உள்ளே நுழைந்ததும் அதே தண்ணீர் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அக்காரணம் முழுப் பொய்யுமன்று. 1996 மார்ச் 13ஆம் திகதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில், உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா தோற்கும் நிலை வந்தபோது, கூட்டத்தினர் போத்தல்களை மைதானத்தில் வீசியதால் ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. போத்தலைத் தடுப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஒரு மனிதனிடமிருந்து அவன் கொண்டுவந்த தண்ணீரைப் பறிக்கும் அதிகாரத்தை நீ எடுத்துக்கொண்டாயானால், அவன் தாகத்துக்கு நீயே பொறுப்பாளி ஆகிறாய். தடுக்கும் உரிமையோடு கொடுக்கும் கடமையும் ஒட்டிக்கொண்டே வருகிறது. கடமையை உதறிவிட்டு உரிமையை மட்டும் வைத்துக்கொண்டால், பாதுகாப்பு என்ற சொல் வியாபாரத்தின் முகமூடியாகிவிடுகிறது. தோட்டத்துக்குள் வேறு கடை வராமல் தடுத்து, துரையின் அனுமதி பெற்ற கடையில் கடனுக்கு அரிசி வாங்கச் செய்த பழைய ஏற்பாட்டை அறிந்த மலையக மக்களுக்கு இந்தக் கணக்கை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடமையை நம் மக்கள் நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கிறார்கள். மாரியம்மன் தேர் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்குகிறார்கள். வெசாக் நாட்களில் சிங்கள மக்கள் வீதியோரம் தன்சல் அமைக்கிறார்கள். காரில் வந்தவரும் கால்நடையாக வந்தவரும் ஒரே வரிசையில் நின்று சோறோ பானமோ பெற்றுச் செல்கிறார்கள். கூட்டம் கூடுமிடத்தில் தாகம் தோன்றும், அதைத் தணிப்பது கூட்டியவர் பொறுப்பு என்பதே இவற்றின் அடிப்படை. அந்த எளிய அறிவு நவீன நிர்வாகத்திடம் இல்லாமற் போவதன் விலை சிறிதன்று. 2024 அக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. பல இலட்சம் மக்கள் கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அது விளையாட்டுப் போட்டியன்று. ஆனால் பார்க்க வந்த மனிதனின் உடலைப் பற்றி ஏற்பாடு செய்தவர்கள் எவ்வளவு சிந்தித்தார்கள் என்ற கேள்வி அங்கும் ஒன்றே. 2025 ஜூன் 4ஆம் திகதி பெங்களூர் சின்னசாமி அரங்கின் வாயில்களில் வெற்றி விழாக் காண வந்து நெரிசலில் மாண்டவர்கள் பதினொருவர்.

வசதியைப் பெருக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கருதிவிடலாகாது. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. அதன் பின் நீதிபதி டெய்லர் 1990இல் அளித்த அறிக்கை, பெரிய கால்பந்தரங்குகளில் நிற்கும் இடங்களை நீக்கி இருக்கைகள் அமைக்கச் சொன்னது. அதற்காக நுழைவுக் கட்டணம் பெரிதும் உயர வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து. நடந்தது வேறு. அரங்குகள் பாதுகாப்பாயின, அழகாயின. கட்டணமும் ஏறிக்கொண்டே போயிற்று. தலைமுறை தலைமுறையாக நின்று பார்த்த தொழிலாளி குடும்பங்கள் பல வெளியே தள்ளப்பட்டன. பிரேசில் 2014 உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமானபோது இதன் இன்னொரு முகம் தெரிந்தது. சல்வடோர் நகரின் அரங்கருகே பயற்றமாவு வடையைச் செம்பனை எண்ணெயில் பொரித்து விற்றுவந்த கறுப்பினப் பெண்களை, விளம்பரக் கம்பனிகளின் நலன் கருதி அப்பால் தள்ளப் பார்த்தார்கள். அவர்கள் போராடித் தம் இடத்தை மீட்டார்கள். மலிவாக உண்ணத் தருவது நட்டம் என்பதும் பொய்யே. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2017இல் திறந்த அரங்கொன்று உணவு விலையைப் பாதியளவுக்குக் குறைத்தது. ஒவ்வொருவரும் செலவிட்ட தொகை முன்னையிலும் கூடிற்று. அந்த இரக்கமும் கணக்கேட்டில் பதிந்த பின்னரே நீடித்தது என்பது வேறு விஷயம்.

இனி, நமக்கு மிக அண்மையில் உள்ளதற்கு வருகிறேன். டெஸ்ட் கிரிக்கெட்டில் மதிய உணவுக்கு நாற்பது நிமிடம், தேநீருக்கு இருபது நிமிடம் என்று விதி இருக்கிறது. ஒரு பானத்தின் பெயரால் ஆட்டத்தையே நிறுத்தும் வேறு விளையாட்டு எது? 2025 நவம்பரில் அசாமின் கௌகாத்தியில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் ஆடியபோது, அங்கே சூரியன் முந்தி மறைவதால் தேநீர் இடைவேளையை மதிய உணவுக்கு முன்னே வைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் வியந்தன. அதே அசாமின் தேயிலைத் தோட்டங்கள், பகல் வெளிச்சம் வீணாகாதிருக்க, தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளித் 'தோட்ட நேரம்' என்று நெடுங்காலமாக வைத்திருப்பதைப் பற்றி எவரும் பெரிதாக வியக்கவில்லை. ஆட்டக்காரனுக்காகக் கடிகாரம் நகர்ந்தால் அது செய்தி. கொழுந்து பறிப்பவளின் கடிகாரம் நகர்வது நிர்வாகம்.

உடப்புசல்லாவை என்ற பெயர் உலகச் சந்தையில் ஒரு தேயிலை வகையின் பெயர். எங்கோ ஓர் அரங்கின் விருந்தினர் மாடத்தில் அப்பெயர் பொறித்த பெட்டி திறக்கப்படலாம். அதே உடப்புசல்லாவை மலைகளில் பறிக்கும் பெண், கொண்டல் காற்றின் மழையில் நனைந்தபடி, காலையில் ஊற்றிய தேத்தண்ணியைப் போத்தலில் வைத்து, ரொட்டியும் சம்பலும் தேயிலைச் செடிகளின் நடுவில் நின்றவாறே உண்கிறாள். மலையில் ஒதுங்க இடமில்லை. பல மலைகளில் கழிப்பறையும் இல்லை. 2024 செப்டெம்பரில் அவளுடைய நாட்கூலி 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கத்தார் நாட்டில் 2022இல் நடந்த உலகக் கிண்ணத்துக்கு இருக்கைகளின் அடியிலிருந்தே குளிர்காற்று வீசும் அரங்குகளைக் கட்டினார்கள். அவற்றைக் கட்டிய நேபாளியும் தமிழனும் வங்காளியும் வேலை செய்த வெயிலுக்கு, காலை பத்து மணி முதல் மாலை மூன்றரை வரை வெளிவேலை கூடாதென்ற கோடைக்காலக் கட்டுப்பாடு 2021இல்தான் வந்தது. அந்தப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அரங்கங்களைச் சூழ்ந்த இடங்களில் பியர் விற்பனையைத் தடை செய்தார்கள். உயர் விலை மாடங்களுக்கு அத்தடை பொருந்தவில்லை.

இதைக் காட்டி, அரங்கில் இருப்பவனுக்குக் குளிர்காற்று வேண்டாம் என்று கூறுவது என் நோக்கமன்று. அவ்வாறு கூறுவோர் துன்பத்தைச் சமமாகப் பங்கிடவே விரும்புகிறார்கள். தாகம் கொண்ட உடலுக்குத் தண்ணீரும், நனையும் உடலுக்குக் கூரையும், நெடுநேரம் நிற்கும் உடலுக்கு ஒதுங்குமிடமும் உரியவை என்றால், அவ்வுரிமை நுழைவுச்சீட்டிலிருந்து பிறந்திருக்க முடியாது. சீட்டு வாங்கியவனுக்கு அதைத் தருவது வியாபார ஒழுக்கம். சீட்டில்லாதவளுக்கும் அது உரியது என்று ஒப்பும் இடத்தில்தான் அறம் தொடங்குகிறது. எட்டுநூறு விக்கெட்டுகளை 2010 ஜூலையில் காலியில் நிறைவு செய்த முரளிதரனின் பாட்டனார், தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். அன்று கைதட்டிய நாடு, அந்தப் பாட்டனாரின் தலைமுறைக்கு 1948இல் குடியுரிமை மறுத்த நாடுதான். கைதட்டலில் எனக்கும் பங்குண்டு, அதற்காக வெட்கப்படவில்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. கூரையுள்ள மேடையில் தொப்பியணிந்த சீமாட்டிகள் அமர்கிறார்கள். அப்பால் திறந்த வெளியில், புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் நடக்கும்போது மேடையும் இல்லை, சீட்டும் இல்லை. சரிவில் தேயிலை வரிசைகளுக்கிடையே நின்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். உதைத்த பந்து பள்ளத்தில் உருண்டால் ஆட்டம் கால் மணி நேரம் நிற்கும். அந்த இடைவேளையில் பக்கத்து லயத்திலிருந்து ஒரு கேத்தலும் நான்கைந்து கோப்பைகளும் வரும். இரு அணியினரும் பார்வையாளரும் அந்தக் கோப்பைகளையே மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். கேத்தலைக் கொண்டுவந்த பெண்கள் மட்டும் பெரும்பாலும் ஆட்டம் பார்க்க நிற்பதில்லை. லயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது.